படத்தில் விழுந்த வெள்ளைப் பொடி

என் உடம்பிலிருந்து எடுத்த ஒரு பகுதி மதுரையில் ஓர் ஆய்வகத்தில் மெழுகுக்குள் புதைந்து கிடக்கிறது. அதைச் சீவல் சீவலாக அறுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, உயிரோடு எதுவும் மிச்சமிருக்கிறதா என்று எழுதித் தருவார்கள். அந்த அறிக்கை இன்னும் வரவில்லை. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வலது கை சும்மாதான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கீமோ அறையில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "ஒங்களுக்கு என்ன டைப்பு?" என்றுதான் கேட்பார்கள். தங்கள் வகையின் பெயரை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது உள்ளே என்ன செய்கிறது என்று கேட்டால் டாக்டருக்குத்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியும். நான் விலங்கியல் எம்.எஸ்சி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா கைநாட்டு. அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். சூலக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று கலர் சாக்பீஸால் வரைந்து காட்டுகிறேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். தெரிந்திருந்ததால் பயம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. பயத்துக்கு ஒரு படம் கிடைத்தது, அவ்வளவுதான்.

கட்டி குளிக்கும்போது தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, வலி கிடையாது. வலி இல்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் விருதுநகரில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். அதன் பிறகு மேமோகிராம் எடுக்கச் சொன்னார்கள். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே அது. மூச்சை நிறுத்தச் சொல்வார்கள். மாவு பிசைந்து தட்டுவது போல உடம்பை எடுத்து வைப்பார்கள். வெட்கப்பட நேரம் இருக்காது.

படம் எடுத்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீக? பட்டாசுக் கம்பெனியா?"

"டீச்சர்," என்றேன். "பயாலஜி."

"கோவிச்சுக்காதீக. வீட்டுல யாரும் போறாகளா?"

"அம்மா போறாங்க."

"அதான பாத்தேன்," என்று அவர் முகம் தெளிந்தது. "இங்கன வர்ற பொம்பளைகளுக்கு அலுமினியப் பவுடரு தோல்ல ஒட்டியிருக்கும். படத்துல வெள்ளை வெள்ளையா விழும். முகத்துக்குப் போடுற பவுடர், சென்ட்டு பட்டாலும் அப்பிடித்தேன். நல்லா தேச்சுக் குளிச்சுட்டு நாளைக்கு வாங்க. ஒண்ணும் பூசாதீக."

திரையை நானும் பார்த்தேன். கறுப்பில் ஒரு மூலையில் மட்டும் நுணுக்கி நுணுக்கிப் போட்ட வெள்ளைப் புள்ளிகள். எனக்கு வந்தது பயமில்லை, கோபம். அந்தப் பொடி என்மேல் படக்கூடாது என்றுதானே இத்தனை படிப்பும் படித்தேன்? காலேஜில் ஒருத்தி என் நோட்டு அட்டையில் வெள்ளி மினுக்கத்தைப் பார்த்து, "ஏய், ஒங்க வீட்ல பட்டாசா?" என்று கேட்ட நாளிலிருந்து என் துணிகளைத் தனியாகத் துவைத்துக்கொள்கிறேன்.

ஆனைக்குட்டத்தில் எங்கள் வீடு. அன்று சாயங்காலம் வேறு வழியில்லாமல் அம்மாவிடம் சொன்னேன். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைப் புள்ளி, அலுமினியப் பவுடர் என்றதும் எழுந்துவிட்டாள்.

"ஏ தாயி, அது எம் பவுடருதேன்! இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்த?"

அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிக்குப் பவுடர் நிரப்புகிறாள். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணிலும் காதுமடலிலும் கொஞ்சம் வெள்ளி தங்கிவிடும். அங்கே நைலான் சேலை உடுத்தக்கூடாது, உரசினால் பொறி பறக்கும். பருத்திதான். நைந்துபோன வேலைச்சேலைகளைக் கிழித்து எங்கள் வீட்டில் துண்டாக்கிவிடுவோம். எத்தனை துவைத்தாலும் அவை ஒரு சாம்பல் நிறத்திலேயே இருக்கும். தினமும் குளித்துவிட்டு நான் அதில்தான் துவட்டுகிறேன். அம்மா அந்தத் துண்டைக் கொடியிலிருந்து இழுத்து, வெயிலில் பிடித்து, "இந்தா மினுங்குது பாரு, இந்தா!" என்று காட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு போன் போட்டு, "ஒண்ணுமில்லயாம், எல்லாம் என் அழுக்குதேன்," என்று சிரித்தாள். சீயக்காய், கடலைமாவு, தேங்காய் நார் என்று எல்லாவற்றையும் போட்டு என்னைத் தேய்த்தாள். வளர்ந்த பெண் நான். கூசியது. விட்டுவிட்டேன். அது பொடியாகவே இருக்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

மறுநாள் அம்மா கூடவே வந்தாள். மறுபடி அழுத்தினார்கள். புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன.

அம்மா உள்ளே வந்து திரை முன்னால் நின்றாள். "நேத்து பொழுது எறங்கிப்போச்சும்மா, அவசரமாத் தேச்சுட்டேன். இன்னொரு தடவ நல்லாத் தேச்சுக் கூட்டிட்டு வாரேன்."

"இல்லம்மா," என்றார் அந்த அம்மாள். இப்போது என்னைப் பார்க்காமல் பேசினார். "தோல்ல கெடந்தா ரெண்டு படத்துக்கும் எடம் மாறும். இது மாறல. கோடு புடிச்சாப்புல இருக்கு. இது உள்ள இருக்கு."

"உள்ள போயிருச்சா?" என்றாள் அம்மா.

அந்தக் கேள்விக்கு அப்போதே யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவை அலுமினியம் இல்லை, சுண்ணாம்புச் சத்து. பால் வரும் குழாய்களுக்குள் செல்கள் அளவில்லாமல் பெருகும்போது நடுவில் மாட்டிக்கொண்டவற்றுக்கு ஆக்சிஜன் எட்டாது. அவை செத்து, செத்த இடத்தில் கால்சியம் படியும். படத்தில் தெரிவது அந்தப் படிவுதான். வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் செத்தவை. உயிரோடு இருந்தவை கறுப்புக்குள் எங்கோ இருந்தன. மதுரையில் ஒரு மருத்துவமனையில் தடித்த ஊசியால் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை. ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரிச் சத்தம் மட்டும் கேட்டது. முதல் முடிவு சீக்கிரம் வந்தது, புற்றுநோய். எந்த வகை என்பதற்குச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த இடைப்பட்ட காலம்தான் மோசம். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். யாருடைய பெயரைக் கூப்பிட்டாலும் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போடும்.

வந்தது: ஹெர்-2, மூணு பிளஸ்.

அங்கே எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். வேறு ஊர்க்காரர். "உங்க ஊர் பட்டாசுத் திரி மாதிரி வச்சுக்கோங்க," என்று ஆரம்பித்தார்.

"திரி ஒரு தடவை எரிஞ்சா முடிஞ்சுரும் டாக்டர்," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பயாலஜி டீச்சர், இல்லையா? அப்ப நேராவே சொல்றேன்."

அவர் சொன்னதை எனக்குத் தெரிந்ததோடு சேர்த்து எழுதுகிறேன். ஒவ்வொரு செல்லின் வெளிச்சுவரிலும் ஏற்பி என்ற புரதங்கள் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நிற்கின்றன. 'வளர்' என்ற செய்தியோடு ஒரு மூலக்கூறு வந்து வெளிப்பாதியைத் தொடும். தொட்டதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும், உள்பாதி விழித்துக்கொள்ளும். அது பக்கத்தில் இருக்கிற புரதத்தை எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி உட்கருவுக்குப் போய்ச் சேரும். செல் பிரியும். வேலை முடிந்ததும் எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். காயம் ஆறுவதும் பிள்ளைகள் வளர்வதும் இப்படித்தான்.

ஹெர்-2 என்ற ஏற்பி மட்டும் தூது வரட்டும் என்று காத்திருப்பதில்லை. எப்போதும் ஜோடி சேரத் தயாராகவே நிற்கும். சாதாரண செல்லில் அது கொஞ்சமாக இருப்பதால் தொந்தரவில்லை. என் கட்டியின் செல்களில் அதற்கான மரபணு பல மடங்காகப் பெருகி, சுவர் முழுக்க ஹெர்-2 நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சாயம் ஏற்றிய படத்தில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கெட்டியான காப்பி நிறக் கோடு இருந்தது. மூணு பிளஸ் என்பது அந்தக் கோட்டின் அழுத்தம். அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று இடித்தே ஜோடி சேர்ந்துவிடும். வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லாமலே உள்ளே செய்தி போய்க்கொண்டிருக்கும்.

உள்ளே போகிற வழியும் ஒன்றல்ல. ராஸ் என்ற புரதத்தின் வழியாகப் போவது 'பிரி, பிரி' என்கிறது. பி.ஐ.3 கைனேஸ், ஏ.கே.டி. வழியாகப் போவது 'சாகாதே' என்கிறது. பழுதான செல் தன்னைத்தானே முடித்துக்கொள்வது உடம்பின் ஏற்பாடு. இரண்டாவது வழி அந்த ஏற்பாட்டின் வாயைப் பொத்திவிடுகிறது. இந்த அம்புக்குறிப் படத்தை நான் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வாங்கியபோது அது எந்த உடம்புக்குள்ளும் இல்லை, தாளில் இருந்தது.

நல்ல செய்தி ஒன்றும் சொன்னார். ஏற்பியின் வெளிப்பாதியில் போய் உட்கார்ந்துகொள்ளும் மருந்து இருக்கிறது, டிராஸ்டுசுமாப். செய்தி உள்ளே போவதை அது மட்டுப்படுத்தும், நம் எதிர்ப்புச் செல்களுக்கு அந்த செல்லை அடையாளமும் காட்டும். முதலில் கீமோவோடு சேர்த்து அதைக் கொடுத்து, கட்டி அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு அறுவை சிகிச்சை. இதயத்தின் செல்களுக்கும் அந்த ஏற்பி கொஞ்சம் தேவை என்பதால் அவ்வப்போது எக்கோ எடுத்து இதயத்தைப் பார்ப்பார்கள். "சில கட்டிகள் வேற வழி தேடிக்கும்," என்றும் சொன்னார். "மேல அடைச்சாலும் கீழ பி.ஐ.3 கைனேஸ் பழுதாகி, அதுவா ஓட ஆரம்பிச்சிடும். உங்களுக்கு எப்படின்னு மருந்து போட்டாத்தான் தெரியும்."

இதெல்லாம் நடந்தபோது அம்மா அறைக்குள் வரவில்லை. வராந்தாவின் கடைசி பெஞ்சில், கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. சீசன் நேரத்தில் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். சூப்பர்வைசர் போன்மேல் போன் போட்டார், எடுக்கவில்லை. சமையலை அப்பாவிடம் விட்டுவிட்டாள். வேலைச்சேலைத் துண்டுகளை எல்லாம் கொல்லையில் குழி தோண்டிப் போட்டாள். கீமோ போட்டுவிட்டு வந்து நான் வாந்தி எடுத்தபோது வாளியைக் காலால் நகர்த்திவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றாள். என் நெற்றியைப் பிடிக்கவில்லை. முடி கொட்டி நான் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றும் வாசல்படியைத் தாண்டவில்லை.

"கிட்ட வாயேம்மா," என்றேன்.

"வேணாம் தாயி. இன்னும் போகல." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. ரேகைகளுக்குள் வெள்ளி இன்னும் இருப்பதாக அவளுக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தில் பார்த்த புள்ளிகள் தன் கையிலிருந்து என் நெஞ்சுக்குள் போனவை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். இனி தொட்டால் இன்னும் போகும்.

கீமோ அறையில் எனக்குக் கிடைத்த துணை ஜீனத் அக்கா. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் குடும்பம். அவருக்கு வேறு வகை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் அவருடைய கட்டிக்குச் செய்தி கொண்டுபோனது. அதற்கு ஊசி முடிந்ததும் தினம் ஒரு மாத்திரை.

"ஏன் டீச்சரு, ஒங்கம்மா என்ன, அம்புட்டுத் தூரத்துல ஒக்காந்திருக்காக? இது ஒட்டுற நோவு இல்லன்னு சொல்லக்கூடாதா?"

"அவங்களுக்கு ஒட்டிரும்னு பயமில்லக்கா. அவங்ககிட்டருந்து எனக்கு ஒட்டிரும்னு பயம்."

அக்கா சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்தபடி பேசினார். "எங்க மாமியா இருக்காகளே, நான் பரோட்டா தின்னதுனாலதேன் வந்துச்சுன்னு ஊரு பூராச் சொல்லிட்டாக. எண்ணெய்ல பொரிச்ச பரோட்டா. அம்புட்டும் வாங்கிட்டு வந்தது அவுக மகன்தேன். அதச் சொல்ல மாட்டாக."

இரண்டு பேரும் சிரித்ததில் நர்ஸ் வந்து, "கைய ஆட்டாதீங்க," என்று அதட்டிவிட்டுப் போனார்.

அம்மாவின் சந்தேகத்தை டாக்டரம்மாவிடம் கேட்டேன். இல்லவே இல்லை என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போய் அம்மா மடியில் போட வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"உங்கம்மா பவுடராலதான் வந்ததுன்னு சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்ல," என்றார். "அப்படி நினைக்கவும் காரணம் இல்ல. படத்துல இருந்தது அந்தப் பவுடர் இல்ல, அது நிச்சயம். ஆனா ஒரு ஆளுக்கு முதல்ல அந்த மரபணு ஏன் பெருகிச்சுன்னு கேட்டா, என்னால சொல்ல முடியாது. எப்படி வளருதுன்னு தெரியும். ஏன் ஆரம்பிச்சதுன்னு பெரும்பாலும் தெரியாது."

அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறார். அப்போது காலண்டர் வேலை நடந்துகொண்டிருந்தது. மை சரியாக விழும்வரை ஓடிப் பாழாகும் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அலமாரியில், சோற்றுத்தட்டுக்கு அடியில், எங்கு பார்த்தாலும் அடுத்த வருஷத்துத் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். ஊரில் மற்றவர்களுக்கு இன்னும் வராத வருஷம் எங்கள் வீட்டில் தரையில் கிடக்கும். அந்த மாதங்களில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போயிற்று. தைப்பொங்கல், சிவராத்திரி, பங்குனிப் பொங்கல் என்று யாருக்கோ வரப்போகிற நாட்கள். அவற்றைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நடப்பேன்.

அன்று அப்பாவுக்குச் சொல்கிற மாதிரி, வாசலில் நின்ற அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"ஒங்க பிரெஸ்ஸுல ஆர்டர் எப்படிப்பா உள்ள வரும்?"

"ஏஜெண்டு வருவாக. ஆபீஸ்ல எழுதுவாக. அங்கருந்து பிளேட்டுக்குப் போகும், பொறகு எனக்கு. கவுன்ட்டர்ல நம்பர் முடிஞ்சா மெஷின நிப்பாட்டிருவேன்."

"அதேதான். என் செல்லுல ஆபீஸ்காரங்க எக்கச்சக்கமாப் பெருகிட்டாங்க. வெளியிலருந்து யாருமே வரல. அவங்களே ஒருத்தருக்கொருத்தர் கையக் குடுத்துக்கிட்டு, ஆர்டர் வந்துருச்சுன்னு உள்ள சொல்லிட்டே இருக்காங்க."

"அப்ப கவுன்ட்டரு?"

"நிக்காது."

"பேப்பரு தீந்தாலும் ஓடுமா?"

"தீர விடாதுப்பா. பக்கத்துல இருக்கிறதப் புடுங்கிக்கும். புதுசா ரத்தக்குழாய இழுத்துக்கும்."

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவர் உப்புமா கிளறிய கரண்டி இன்னும் கையில் இருந்தது. ஆளில்லாத அச்சகத்தில் மெஷின் தானாக ஓடிக்கொண்டிருப்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"பாத்தியாம்மா," என்றேன் வாசலைப் பார்த்து. "வெளியிலருந்து யாரும் ஒண்ணும் குடுக்கல. உள்ளயே நடக்குது. ஒன் பவுடருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அம்மா யோசித்தாள். கைகள் தலைப்புக்குள்ளேயே இருந்தன. "மெஷினு இப்ப தானா ஓடுது, சரி. மொதல்ல யாரு போட்டுவிட்டா?"

நான் வாயைத் திறந்தேன். கரும்பலகை முன்னால் நிற்கும் குரலில் மரபணு, படியெடுத்தல், தற்செயல் பிழை என்று ஏதேதோ சொன்னேன். முழுசாகக் கேட்டாள். "நீ படிச்ச புள்ள. எனக்காண்டி மாத்திச் சொல்ற," என்று சொல்லிவிட்டு வாசலிலேயே முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு எனக்கு அந்தக் கேள்வி விலகவே இல்லை. ஊசி ஏறும்போது கண்ணை மூடினால் மெஷின் சத்தம் கேட்கும். யார் போட்டது, எப்போது போட்டது? நான் வகுப்பில் சிரித்துக்கொண்டு பாடம் நடத்திய ஒரு மத்தியானத்தில் ஒரே ஒரு செல்லில் ஒரு தப்பான படி விழுந்திருக்கும். அப்போது நான் என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன் என்று தேடிப்பார்ப்பேன். பள்ளியிலிருந்து பிள்ளைகள் போன் செய்து, "மிஸ், மைட்டாசிஸ் வரைக்கும் வேற மிஸ் நடத்திட்டாங்க," என்று சொன்னபோது என் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது.

நடுவில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. மருந்து கதவை அடைத்திருக்கிறது, அடைத்த வரையில் பிடித்திருக்கிறது. அப்பா மருத்துவமனை வாசலில் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். அறுவைக்கு முன்னால் மேமோகிராமும் எடுத்தார்கள். அம்மா தூரத்திலிருந்தே கேட்டாள்.

"அங்கன வெள்ளையா இருந்துச்சே, அது?"

இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. செல்கள் செத்தாலும் சுண்ணாம்பு கரையாது என்று டாக்டரம்மா விளக்கினார். அவற்றுக்குப் பக்கத்தில் உயிருள்ளது ஒளிந்திருக்கிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. புள்ளிகள் பரவியிருக்கிற இடம் பெரிது, அதனால் மார்பை முழுதாக எடுத்துவிடலாம் என்றார். சரி என்றேன். அம்மா புள்ளி போகவில்லை என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு பெஞ்சை இன்னும் தள்ளிப் போட்டாள்.

அறுவையைப் பற்றி எழுத அதிகமில்லை. குளிர்ந்த அறை, மேலே வட்ட விளக்கு, நாக்கில் ஒரு கசப்பு. முழித்தபோது இடது பக்கத்தில் கட்டு. அதன் ஓரத்திலிருந்து ஒரு குழாய் இறங்கி, அமுங்கிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முடிந்தது. வெட்டிய இடத்தில் சுரக்கும் நீரை அது இழுத்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனாலும் சில நாள் அது இருக்கும். குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்தால் ஒரு கையால் உடம்போரம் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குழாயை நசுக்கி நசுக்கிக் கீழே வழிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். "வீட்ல யார் செய்வீங்க?" என்று கேட்டார். அம்மா கதவுக்கு வெளியே நின்றாள். அப்பாதான் கையைத் தூக்கினார்.

இன்று காலை அப்பா மெஷினுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கட்டுக்குக் கீழே இறுகத் தொடங்கியது. பார்த்தேன். டப்பாவில் எதுவும் இறங்கவில்லை. குழாயில் கறுப்பாக ஒரு திரள் நின்றது. ஒற்றைக் கையால் நசுக்கினேன். தையல் போட்ட இடத்தில் குழாய் இழுபட்டு உயிர் போனது. மறுபடி நசுக்கினேன், மறுபடி இழுபட்டது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குப் போனு போடவா?"

"அவரு வர்றதுக்குள்ள வீங்கிரும்மா."

அவள் வாசல்படியைத் தாண்டி ஒரு அடி வைத்து நின்றாள்.

"அதுல வாரதுல அது இருக்குமா? அந்த நோவு?"

"தெரியலம்மா."

"அந்த ரிப்போட்டுல என்ன வரும்?"

"தெரியல."

"என்னாலதேன் வந்துச்சா?"

நான் குழாயைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். வலியில் கண் நிறைந்திருந்தது.

"தெரியலம்மா. யாருக்கும் தெரியல. டாக்டருக்கே தெரியல. அப்பிடி நெனைக்கக் காரணமில்லன்னு சொன்னாங்க. ஆனா எதுனால வந்துச்சுன்னு அவங்களுக்கும் தெரியல. எனக்கும் தெரியல."

"ஒனக்குமா?"

"எனக்கும்தேன்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் மாற்றிச் சொல்கிறேனா என்று தேடினாள் என்று நினைக்கிறேன். பிறகு தலைப்பிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். கழுவப் போகவில்லை. நேராக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கன புடிக்கணும்?"

காட்டினேன். உடம்போரம் குழாயைப் பிடித்தாள். உரிந்த விரல்கள் சொரசொரவென்று என் விலாவில் பட்டன. மறு கையால் நசுக்கினாள். அவளுக்கு அது வரவில்லை. அளவு தெரியாமல் அழுத்தியதில் தையல் சுண்டியது.

"யம்மா, மெல்ல!"

பயந்து கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"செத்தப் பொறு," என்றாள். "வருது."